பழுதான புது வண்டியும் பளுவான சட்டமும்

வாங்கிய மூன்றாம் வாரமே புதுக் காரைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு பட்டறைக்குப் போக நேர்ந்தால், அந்தக் குடும்பம் என்ன செய்யும்? முகப்பிலே வைத்த சந்தனம்கூட உதிர்ந்திருக்காது. வங்கிக் கடனின் முதல் தவணையோ வந்துவிடும். வண்டி ஓடினாலும் தவணை, நின்றாலும் தவணை!

"சட்டந்தான் இருக்கிறதே!" என்பார்கள். இருக்கிறது, நாம் மறுக்கவில்லை. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் உள்ளது. வாங்கியவர் தாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதத்திற்குள் முடிக்க முயல வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார்கள். நல்ல எழுத்துத்தான்!

ஆனால், குறை உற்பத்தியிலேயே உள்ளது என்று மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? வாங்கியவர்தான். நிபுணர் அறிக்கை எங்கே என்று கேட்பார்கள். பொறியாளர்கள் கம்பெனியிடம், வரைபடங்கள் கம்பெனியிடம், சோதனைக் கருவிகளும் கம்பெனியிடம். குடும்பத் தலைவரிடம் இருப்பது ரசீது ஒன்றே. கியர் பெட்டியைப் பிரித்துப் பார்த்துச் சான்று சொல்ல அவர் யாரைத் தேடிப் போவார்?

மெய்ப்பித்தாலும் புது வண்டி கிடைக்குமா? பழுதான பாகத்தைச் செப்பனிடவோ மாற்றவோ மட்டும் வாரண்டி பொறுப்பேற்றிருந்தால், முழு வண்டியையும் மாற்றித் தரக் கட்டளையிட முடியாது என்று 2006-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் கூறிவிட்டது.

குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும் விதிகள் 2021 ஏப்ரலில் வந்தன. அவை ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டிகளுக்கு. அதுவும் பாதுகாப்பைப் பாதிக்கும் குறைகளுக்கு. அதுவும் குறித்த எண்ணிக்கையில் புகார் சேர்ந்தால்! தனி ஒருவரின் வண்டி கெட்டால் அவர் துணைக்கு ஆள் தேட வேண்டுமோ?

அமெரிக்காவில் இப்படிப்பட்ட காருக்கு 'எலுமிச்சை' என்று கேலிப் பெயர். (நாம் எலுமிச்சையைச் சக்கரத்தின் கீழ் வைத்து நசுக்குகிறோம், அது வேறு கதை.) அங்கே கனெக்டிகட் மாநிலம் 1982-இலேயே சட்டம் செய்தது. ஒரே குறையை நான்கு முறை பார்த்தும் தீராவிட்டாலோ, மொத்தம் முப்பது நாள் வண்டி பட்டறையில் கிடந்தாலோ, போதிய வாய்ப்பு அளித்தாயிற்று என்றே சட்டம் கொள்ளும். பிறகு வேறு வண்டி தர வேண்டும். அல்லது பணத்தைத் திருப்ப வேண்டும். முதலாளிகளின் நாடு என்று நாம் சொல்லும் நாட்டிலே இது நடக்கிறது!

மத்திய அரசைக் கேட்கிறோம்: இங்கும் அப்படி ஓர் எண்ணிக்கையைச் சட்டத்திலே எழுதத் தடை என்ன? குறையில்லை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பை, செய்தவர் தலையில் ஏன் வைக்கக்கூடாது?

அது வரும்வரை வாங்கியவர்கள் ஏமாறாதிருக்க வேண்டும். பட்டறைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் குறையை ஜாப் கார்டில் எழுதச் செய்து நகல் வாங்குங்கள். "அடுத்த சர்வீசில் பார்க்கலாம்" என்று வாயால் சொல்வதை ஏற்காதீர்கள். ஓட்டிப் பாராமல், 'சரியாயிற்று' என்று கையெழுத்திடாதீர்கள். வழக்குக்கு இரண்டாண்டுதான் கெடு.