விடுப்புக் கடிதத்தில் ஒரு காய்ச்சல்

பேரன் ஒன்பதாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்தபோது மகா சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயிலுக்குக் குடும்பத்தோடு சென்றிருந்தோம். சிவராத்திரியன்றும் மறுநாளும் அவனுக்குப் பள்ளி இருந்தது. மகனும் மருமகளும் அலுவலகம் செல்பவர்கள். ஆகையால் பள்ளிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது, ஆசிரியரிடம் பேசுவது எல்லாம் என் பொறுப்பு. ஊர் திரும்பியதும் வழக்கம்போல் ஒரு தாளை எடுத்து, காய்ச்சல் கண்டிருந்தபடியால் பேரன் இரண்டு நாள்கள் பள்ளிக்கு வர இயலவில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அப்போது என் நெற்றியில் கோயில் விபூதி அழியாமல் இருந்தது.

பையன் கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, "தாத்தா, கோயிலுக்குப் போனோம் என்றே எழுதக்கூடாதா?" என்று கேட்டான். அப்படி எழுதினால் ஆசிரியர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்றேன். அவன் மறுபேச்சுப் பேசவில்லை. அத்தோடு அது முடிந்தது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அந்த ஓராண்டில் நான் வரவழைத்த காய்ச்சல்கள் பல. ஆடிக் கிருத்திகைக்கு ஒன்று, உறவினர் ஊரில் நடந்த கும்பாபிஷேகத்துக்கு ஒன்று, திருமலையில் தரிசனச் சீட்டு கிடைத்ததற்கு ஒன்று. சில நாள்களுக்குக் கடிதமே கொடுக்கவில்லை. தெய்வ காரியந்தானே, இதில் என்ன பிழை என்பது என் எண்ணம்.

மறு ஆண்டு அவன் பத்தாம் வகுப்பு. கார்த்திகை மாதத்து மழைநாள் ஒன்றில் மிதிவண்டியில் பள்ளிக்குப் புறப்பட்டான். வழியில் சேற்றில் வண்டி சறுக்கி, தலையில் அடிபட்டு விழுந்துவிட்டான். முன்பின் அறியாத புண்ணியவான்கள் இருவர் அவனை ஆட்டோவில் ஏற்றி மருத்துவமனையில் சேர்த்தனர். அடையாள அட்டை இருந்த புத்தகப் பை, விழுந்த வண்டியோடு சாலையோரக் கடையிலேயே தங்கிவிட்டது. அவனுக்குத் தெளிவு வந்து, தகப்பனாரின் தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. ஏறக்குறைய நான்கு மணி நேரம் அந்தப் பிள்ளை எங்கே இருக்கிறான் என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அவன் காணவில்லை என்பதே தெரியாது. நான் வீட்டில் உணவருந்திவிட்டுச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன்.

தெய்வாதீனமாகப் பெரிய தீங்கு ஏதும் நேரவில்லை. சில நாள்களுக்குப் பின் பள்ளிக்குச் சென்று வகுப்பாசிரியரைக் கண்டேன். பிள்ளை வராத அன்று வீட்டுக்கு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்று சற்று வருத்தத்தோடுதான் சொன்னேன். அவர் தலைகுனிந்து, "கேட்டிருக்க வேண்டும் ஐயா. ஆனால் கார்த்திகை மாதமாயிற்றே, எங்கேனும் கோயிலுக்கு அழைத்துச் சென்றிருப்பீர்கள், மறுநாள் காய்ச்சல் என்று கடிதம் வரும் என்று எண்ணிவிட்டேன்" என்றார். எனக்கு நா எழவில்லை. என் கடிதங்களின் உண்மை அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது!

இந்தப் பத்தியை வாசிக்கும் அன்பர்களில் பெரும்பாலோர் என்னைப் போன்ற தாத்தா பாட்டிகள். பேரப்பிள்ளைகளைத் திருவிழாவுக்கு அழைத்துச் செல்லும் ஆவல் நமக்கே மிகுதி. கடிதம் எழுதுவோரும் பல வீடுகளில் நாமே. அதனால்தான் என் பிழையை இங்கே சொல்கிறேன்.

வருகைப் பதிவேடு சம்பிரதாயத்துக்காக வைக்கப்பட்டது என்று நான் கருதியிருந்தேன். காலையில் பெயர் வாசிக்கையில் பதில் வராவிட்டால், அந்தப் பிள்ளை வீட்டில் இருக்கிறதா, வழியில் இருக்கிறதா என்ற கேள்வி அங்கே எழ வேண்டும். வராத நாளை வீட்டார் முன்கூட்டியே சொல்லிவிடும் வழக்கம் இருந்தால்தான், சொல்லாமல் வராத நாளில் ஆசிரியருக்கு ஐயம் பிறக்கும். இன்று பல பள்ளிகள் குறுஞ்செய்தி அனுப்புகின்றன. ஆனால் அது தகப்பனாரின் கைபேசிக்குப் போகிறது. அவர் அலுவலில் இருப்பார். வீட்டில் இருக்கும் நம்முடைய எண்ணையும் பள்ளியில் கொடுத்து வைப்பது நலம்.

கோயிலிலேயே இதற்கு முன்மாதிரி உண்டு. அர்ச்சகர் வீட்டில் தீட்டு நேர்ந்தால் அவர் சந்நிதிக்குள் வருவதில்லை. ஆனால் பேசாமல் வீட்டில் இருந்துவிடுவதும் இல்லை. உடனே சொல்லி அனுப்புகிறார். அவருடைய முறையை வேறொருவர் ஏற்றுக்கொள்கிறார். காலசந்தி நின்றுபோவதில்லை.

நேரந்தவறாமைக்கும் நம் வீடுகளில் ஓர் இடையூறு உண்டு. திங்கட்கிழமை ராகு காலம் 7.30 முதல் 9 மணி வரை. பிள்ளைகள் பள்ளிக்குப் புறப்படும் நேரமும் அதுவே. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டியம்மாள் திங்கள்தோறும் பேத்தியை ஒன்பது மணி வரை வாசற்படி தாண்ட விடமாட்டார். அந்தப் பெண் வாரந்தோறும் இறைவணக்கம் முடிந்தபின் பள்ளிக்குப் போய், தாமதமாக வந்தவர்கள் வரிசையில் நிற்பாள். ராகு காலம் பார்ப்பது புதிதாக ஒன்றைத் தொடங்குவதற்கு. அன்றாடக் கடமைக்கு அதைப் பார்க்கும் வழக்கம் பெரியோரிடம் இல்லை. ராகு காலம் என்று எந்தக் கோயிலிலும் காலபூஜையை நிறுத்தி வைக்கிறார்களா? பாட்டியம்மாளிடம் இதைச் சொன்னேன். யோசித்துச் சொல்கிறேன் என்றார். இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.

கணக்கும் ஒன்று இருக்கிறது. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு எழுத 75 விழுக்காடு வருகை வேண்டும். ஆண்டுக்கு 220 வேலை நாள்கள் என்று கொண்டால் 165 நாள்களேனும் வந்திருக்க வேண்டும். மீதி 55 நாள்கள் தாராளமாகத் தோன்றும். மஞ்சள் காமாலை ஒருமுறை வந்தால் அதில் பாதி போய்விடும். கடும் நோய், பெற்றோர் மறைவு, தேசிய அளவிலான விளையாட்டுப் போட்டி முதலிய காரணங்களுக்குச் சான்றுகளோடு விலக்குக் கேட்கலாம். கோயில் பயணம் அவற்றுள் ஒன்றன்று.

அப்படியானால் பிள்ளைகளுக்குக் கோயிலும் திருவிழாவும் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும், நிச்சயமாக வேண்டும். ஆனால் கும்பாபிஷேகம் புதன்கிழமை வந்தால், அதன்பின் 48 நாள்கள் மண்டலாபிஷேகம் நடக்கிறது. அவற்றுள் ஆறு ஞாயிற்றுக்கிழமைகளேனும் வரும். நவராத்திரி பெரும்பாலும் காலாண்டு விடுமுறையை ஒட்டியே அமைகிறது. பெருந்திருவிழாக்களுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிக்கிறார். அதை ஈடுசெய்யச் சனிக்கிழமையொன்று வேலை நாளாகும். அன்று பிள்ளையை வீட்டில் நிறுத்திக்கொள்ளும் பழக்கமும் நம்மிடம் உண்டு, அதையும் விட்டுவிடலாம். இவை எவற்றிலும் அடங்காத நாள் வந்தால், உள்ளதை எழுதி முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டியதுதான். மறுத்தால் மறுக்கட்டும்.

பேரன் பதினொன்றாம் வகுப்புக்கு வந்த ஆண்டு, சிவராத்திரிக்கு ஒரு வாரம் முன்பே அவனைக் கொண்டே கடிதம் எழுதச் செய்தேன். குலதெய்வ வழிபாட்டுக்காக இரண்டு நாள்கள் விடுப்பு வேண்டும் என்று எழுதினான். நான் கீழே கையொப்பமிட்டேன். மறுநாள் வேதியியல் செய்முறை வகுப்பு இருந்தபடியால் சிவராத்திரியன்று மட்டுமே அனுமதி கிடைத்தது. எனக்குச் சிறிது மனக்குறைதான். நான்கு கால பூஜையும் அவன் பார்க்க வேண்டும் என்றிருந்தேன். இரண்டாம் கால பூஜை முடிந்ததும் தகப்பனும் மகனும் விபூதியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு பேருந்து ஏறினர். நானும் என் மனைவியும் விடியும்வரை சந்நிதியில் இருந்தோம். காலை ஒன்பதரை மணிக்கு மருமகள் தொலைபேசியில் பேசினாள்: "மாமா, தூக்கக் கலக்கத்தோடுதான் போனான். ஆனால் முதல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டான்."