நாய்க்கு ஆடியிலேயே கிறிஸ்துமஸ்

கிறிஸ்துமஸுக்குப் பாரிஸ் உறவினர் வீட்டுக்குக் கிளம்பும் புதுச்சேரி சாரத்துக் குடும்பம், டிக்கெட்டைக் கடைசி வாரத்தில்கூட எடுத்துவிடலாம். வீட்டு நாய்க்கு அந்தச் சலுகை இல்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி கறாரானது. முதலில் தோலுக்கடியில் அரிசியளவு மைக்ரோசிப். அதன் பிறகே ரேபிஸ் தடுப்பூசி. குறைந்தது 30 நாள் கழித்து ரத்தம் எடுத்து, ஒன்றியம் அங்கீகரித்த ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். எதிர்ப்பாற்றல் மில்லிலிட்டருக்கு 0.5 யூனிட்டாவது இருந்தால்தான் தேறும். தேறினாலும், ரத்தம் எடுத்த நாளிலிருந்து 3 மாதம் காத்திருக்க வேண்டும். கிளம்பும் முன் அரசுக் கால்நடை அதிகாரியின் சான்றிதழும் தேவை.

ஆக, மார்கழிப் பயணத்துக்கு ஆடியிலேயே ஊசி போட்டாக வேண்டும்.

தாளில் குறையிருந்தால் நாயைத் திருப்பி அனுப்பவோ தனிமையில் அடைக்கவோ அங்குள்ள அதிகாரிகளுக்கு உரிமை உண்டு. தாமதித்தவர்கள் நம்பிக்கையானவரிடம் அதை ஒப்படைத்துவிட்டுப் போவதே நல்லது.