வெள்ளையடிக்கும் முன் ஒரு சோதனை

அம்பத்தூர், ஆவடிப் பக்கம் பழைய வாடகை வீடுகளில் இருந்தவர்களுக்கு டிஸ்டெம்பர் நன்றாகத் தெரியும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை முதுகில் பொடியாக ஒட்டும். ஈரத்துணி பட்டால் நிறம் கரைந்து வரும். சுண்ணத்தூளையும் நிறப்பொடியையும் பசையில் குழைத்த பூச்சு அது.

ஓவியர்கள் சொல்லும் டெம்பராவும் பெயரிலும் செய்முறையிலும் இதற்கு உறவுதான். பிசின், வச்சிரம், முட்டை மஞ்சள்கரு என ஏதோ ஒரு பசையில் நிறப்பொடியைக் கலந்து, காய்ந்த பரப்பில் தீட்டுவார்கள். அஜந்தா ஓவியங்கள் இந்த வகை. ஃபிரெஸ்கோ வேறு. அதில் சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வரைந்துவிட வேண்டும். காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சிச் சுண்ணாம்பு இறுகும்போது நிறமும் அதோடு பிணைந்துவிடும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் இரண்டும் ஒரே சுவரில் இருந்தன. கருவறையைச் சுற்றிய இருண்ட உள்வழியில் நாயக்கர் கால ஓவியம் உதிர்ந்த இடத்தில், அடியில் சோழர் ஓவியம் இருப்பதை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். சென்னை அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து, அடியில் இருப்பது ஃபிரெஸ்கோ, மேலே இருப்பது டெம்பரா என்றார். பிற்பாடு தொல்லியல் துறை மேலடுக்கைக் கிழியாமல் உரித்தெடுத்து, ஃபைபர் கிளாஸ் பலகைகளில் பதித்தது. இரண்டு காலத்து ஓவியங்களும் பிழைத்தன. எந்தச் சுவரில் எந்தப் பசை என்று தெரியாமல் இப்படிப்பட்ட வேலையில் கைவைக்கவே முடியாது.

திருமுல்லைவாயில், திருவேற்காடு, திருமழிசை என மேற்குப் புறநகரில் பழைய கோயில்களுக்குக் குறைவில்லை. கும்பாபிஷேகம் என்றதும் ஊரே கூடிச் சுத்தம் செய்கிறது; அந்த ஆர்வம் மதிக்கத்தக்கது. ஆனால் சுண்ணாம்பு அடுக்குகளுக்கு அடியில் டெம்பரா இருந்தால், வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் ஒரே காலையில் அதைக் கழுவிவிடும். ஆகவே திருப்பணி மதிப்பீட்டிலேயே சுவர்ச் சோதனைக்கு ஒரு தொகையை ஒதுக்குவதைக் கட்டாயமாக்க வேண்டும். நகத்தளவு இடத்தில் பூச்சை அடுக்கடுக்காக நீக்கிப் பார்த்தால் போதும், கீழே நிறம் இருக்கிறதா என்பது தெரிந்துவிடும். இருந்தால், அதன் பசையைப் பகுத்துப் பார்க்க எழும்பூர் அருங்காட்சியகத்தில் பரமசிவன் பணியாற்றிய வேதியியல் பாதுகாப்புக் கூடம் இருக்கிறது. அந்த முடிவு கைக்கு வந்த பிறகே ஒப்பந்தக்காரர் சாரம் கட்டட்டும்.