பைக்குக் காவல் அம்மாவா?

கோடை விடுமுறை வந்துவிட்டால் மும்பைத் தமிழ்க் குடும்பங்கள் பல, மார்வேயில் படகேறி கோராயில் உள்ள வாட்டர் கிங்டமுக்குப் புறப்பட்டுவிடுகின்றன. 1998-இல் அது திறந்தது முதல் நான் பார்த்துவரும் காட்சி ஒன்றுண்டு. அப்பாவும் பிள்ளைகளும் தண்ணீரில். அம்மா பைகளுக்குக் காவலாகக் கரையில். கேட்டால், "எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்பார். ஒத்துவராதது தண்ணீர் அல்ல. எல்லோர் முன்னிலும் உடை காலை வாரிவிடுமோ என்ற பயம்தான்.

அந்தப் பயம் நியாயமானதே. பருத்திச் சுடிதார் தண்ணீரைக் குடித்துக் கனத்து, கீழே இழுக்கும். வெளிர் நிறமாக இருந்தால் உடம்போடு ஒட்டி, மறைக்க வேண்டியதையெல்லாம் காட்டிவிடும். துப்பட்டா சறுக்குப் பாதையில் சிக்கினால் ஆபத்து. நைலான், லைக்ரா உடைதான் வேண்டும் என்று இத்தகைய இடங்களில் வற்புறுத்துவது இதனால்தான். 'அரைகுறை உடுப்பு' என்று முகம் சுளிப்பவர்கள் கடையில் போய்ப் பார்க்கட்டும். முழங்கை, முழங்கால் வரை மூடி, பாவாடையும் வைத்துத் தைத்தவை இருக்கின்றன. நனைந்த நைட்டியைவிட அவை எவ்வளவோ மானம் காக்கும்!

வாங்கியதை வீட்டிலேயே நனைத்துப் போட்டு, கையைத் தூக்கி, குனிந்து, உட்கார்ந்து பாருங்கள். பழைய உடையென்றால் வெளிச்சத்தில் இழுத்துப் பிடியுங்கள். குளோரின் எலாஸ்டிக்கை அரித்துவிடும். ஊக்கு குத்திச் சமாளிப்பது வேண்டாம், இரண்டு தையல் போடுங்கள். ஆண்களே, அரைக்கால் சட்டையின் உள்நாடா அலங்காரத்துக்கு வைத்ததல்ல. முடிச்சுப் போட்டுவிட்டுச் சறுக்குங்கள்.

இவ்வளவு செய்தும் சில சமயம் அறுந்துவிடும். அப்போது பதறி மேலே ஏறாமல், ஆழமில்லாத இடத்தில் கழுத்தளவு தண்ணீருக்குள் குந்திக்கொண்டு துண்டு கேட்டால் போதும். மற்றவர்கள் செய்ய வேண்டியது இன்னும் சுலபம்: துண்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பி நிற்பது. அதுதான் நமக்கு வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் நம்மவர்கள் சென்ற ஓர் உல்லாசப் பயணத்தில், பத்தாம் வகுப்புப் பெண்ணின் தோள்பட்டி அறுந்தது. பெரியவர்களே சிரித்தார்கள், ஒருவர் கைப்பேசியைக்கூட எடுத்தார். நன்றாக நீந்தத் தொடங்கியிருந்த பெண், அதன்பின் நீச்சல் வகுப்புக்குப் போகவே இல்லை. பட்டியை ஐந்து நிமிடத்தில் தைத்துவிடலாம். அந்தச் சிரிப்பை என்ன செய்வது?

சங்க நிர்வாகிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த பயணச் சுற்றறிக்கையில் பேருந்து புறப்படும் நேரத்தோடு உடை விவரத்தையும் அச்சிடுங்கள். பெரிய துண்டுகள் நாலைந்து கூடுதலாக எடுத்து வையுங்கள். படம் எடுப்பது எங்கே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பைக் காவலுக்கும் முறை வைக்கலாம். முதல் இரண்டு மணி நேரம் அப்பாக்களுடையது.