எந்த வயதில் என்பதே கேள்வி



‘கனடாவில் சட்டமே அனுமதிச்சிருக்கே, அப்புறம் கஞ்சா எப்படிக் கெடுதல்?’ என்று பிள்ளை கேட்டால் என்ன சொல்வது? பெற்றோர் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். வாயடைத்துப்போக வேண்டியதில்லை. கனடா 2018 அக்டோபரில் அனுமதித்தது உண்மை. அதே நாட்டின் கியூபெக் மாகாணம், 18 என்றிருந்த வயது வரம்பை 2020 ஜனவரியில் 21 ஆக உயர்த்தியதும் உண்மை.

காரணம் மூளையில் இருக்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி போய் ஒட்டிக்கொள்ளும் ஏற்பிகள், நம் மூளை தானே சுரக்கும் சில வேதிப்பொருள்களுக்காக அமைந்தவை. நரம்பணுக்களுக்கிடையே போகும் செய்திகளை மட்டுப்படுத்துவது அவற்றின் வேலை. பதின்வயதில் வேண்டாத இணைப்புகள் கழிந்து வேண்டியவை வலுப்பெறுவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. அவசரத்தை அடக்கும், முன்யோசனை தரும் முன்மூளை முதிர்ந்து முடிய 25 வயதை ஒட்டி ஆகிவிடும். கட்டி முடித்த வீட்டின் மேல் பெய்யும் மழையும், தளம் போட்ட அன்றே கொட்டும் மழையும் ஒன்றல்லவே!

நியூசிலாந்தின் டுனிடின் நகரில் 1972-73-ல் பிறந்த 1,037 பேரைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பதின்வயதில் தொடங்கி விடாமல் கஞ்சா புகைத்தவர்களின் ஐக்யூ, 13 வயதில் இருந்ததைவிட 38 வயதில் சராசரியாக 8 புள்ளி வரை சரிந்திருந்தது. வளர்ந்தபின் தொடங்கியவர்களிடம் அப்படிச் சரிவில்லை. 2012-ல் இது வெளியானபோது உலகமே பேசியது. உடனே ‘தொட்டால் மூளை போச்சு’ என்று மிரட்டக் கிளம்பிவிடாதீர்கள். 2016-ல் இரட்டையர்களை ஒப்பிட்டவர்கள், புகைத்தவருக்கும் புகைக்காத உடன்பிறப்புக்கும் பெரிய வித்தியாசம் காணவில்லை. குடும்பச் சூழலும் காரணமாகலாம் என்றார்கள். அந்த வழக்கு இன்னும் முடியவில்லை.

என்னைக் கேட்டால், ஐக்யூவைவிடக் கவலைப்பட வேண்டியது அடிமையாவதைப் பற்றித்தான். லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வில், ஏறக்குறைய ஒரே அளவு புகைத்தும், கடுமையாக அடிமைப்பட்டிருக்கும் வாய்ப்பு பெரியவர்களைவிடப் பதின்வயதினருக்கு மூன்றரை மடங்கு இருந்தது. பதினெட்டுக்குள் அடிக்கடி புகைத்தவர்களுக்குப் பின்னாளில் மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு கூடுதல் என்று சுவீடன் ராணுவத்துக்குத் தேர்வான இளைஞர்களிடம் நடந்த ஆய்வு 1987-லேயே சொல்லிவிட்டது.

பிள்ளை கேட்டால் இதை உள்ளபடி சொல்லுங்கள். மிகைப்படுத்தினால் அவன் செல்போனிலேயே சரிபார்த்துவிடுவான். அதன்பின் நீங்கள் சொல்லும் எதையும் நம்பமாட்டான். ஏற்கெனவே பழகிவிட்டான் என்று தெரியவந்தால் அடிக்காதீர்கள், ஊருக்குப் பயந்து மூடி மறைக்கவும் வேண்டாம். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். தயங்காமல் அழையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்