வீழ்ந்தும் தோற்காதவர்

தோல்வியறியாதவன் என்றால் ஒருகாலும் நிலத்தில் வீழாதவன் என்றே நாம் எண்ணிவிடுகின்றோம். பிரித்தானியக் குத்துச்சண்டை வீரர் ஜோ கல்சாகியின் வரலாறு வேறொரு பாடம் புகட்டுகின்றது.

1972 இல் இலண்டனிற் பிறந்து வேல்ஸில் வளர்ந்த அவருக்குத் தந்தையே ஆசான். சார்டீனியாத் தீவினரான தந்தை என்சோ குத்துச்சண்டை வீரரல்லர், இசைவாணர். இவர் எதைக் கற்பிப்பார் என்று ஏளனஞ் செய்தோரும் உளர்.

1997 இல் கிறிஸ் யூபாங்கை வென்று உலகக் குத்துச்சண்டை அமைப்பின் பட்டத்தைப் பெற்ற மைந்தர், அதனைப் பத்தாண்டுகளுக்கு மேலாகக் காத்தார். 2006 இல், கைநோவினால் ஜெவ் லேசியுடனான போட்டியைக் கைவிட எண்ணியவேளை, தந்தையே தடுத்து ஊக்கினார். அன்று பன்னிரண்டு சுற்றுகளிலும் கல்சாகியின் கையே ஓங்கியிருந்தது.

2008 இல் அமெரிக்கா சென்று பெர்னாட் ஹொப்கின்ஸ், றோய் ஜோன்ஸ் ஆகிய இருபெரும் வீரரையும் எதிர்த்தார். இரு போட்டிகளிலும் முதற்சுற்றிலேயே வீழ்ந்தார். இரண்டிலும் எழுந்து வென்றார்.

போட்டிகள் 46, வெற்றிகளும் 46. புகழின் உச்சியில் நின்றபோதே, 2009 இல், தமது 36 ஆவது வயதில் களத்தை விட்டு விலகினார். எழவேண்டிய வேளையை அறிந்தவர், நிறுத்தவேண்டிய வேளையையும் அறிந்திருந்தார்.

மாணவர்காள், முதற்பரீட்சையில் தவறியமைக்காக மனமுடைதல் வேண்டா. பெற்றோரே, அவ்வேளை பிள்ளைக்கு வேண்டுவது வசையன்று. என்சோவைப்போல் அருகில் நிற்கும் ஒருவரே.