பால் புட்டியும் பாலர்களின் பற்களும்

நம் நாட்டில் 2015-ஆம் ஆண்டு பாலர் பள்ளிப் பிள்ளைகளிடம் நடத்தப்பட்ட தேசிய வாய்ச் சுகாதார ஆய்வில், ஐந்து வயதுப் பிள்ளைகளில் 71.3 விழுக்காட்டினருக்குச் சொத்தைப் பல் இருந்தது. 2005-இல் அது 76.2 விழுக்காடு. பள்ளிகளுக்கே பல் மருத்துவக் குழுக்கள் வந்து போகும் நாட்டில், பத்தாண்டுகளில் இவ்வளவுதான் குறைந்திருக்கிறது.

பலரும் மிட்டாயைத்தான் குறை சொல்வார்கள். மிட்டாய்க்கும் பங்குண்டு. ஆனால், எவ்வளவு சீனி என்பதைவிட ஒரு நாளில் எத்தனை முறை என்பதே பல்லுக்கு முக்கியம். வாயிலுள்ள கிருமிகள் சீனியை உண்டு அமிலத்தை வெளிவிடுகின்றன. அதை உமிழ்நீர் தணிக்க அரை மணி நேரமாவது பிடிக்கும். அதற்குள் அடுத்த பிஸ்கட், அடுத்த பாக்கெட் பானம் என்று வந்துகொண்டிருந்தால், எனாமல் தேறுவதற்கு நேரமே கிடைக்காது. இதில் மிக மோசமானது, புட்டியை வாயில் வைத்தபடியே உறங்குவது. தூக்கத்தில் உமிழ்நீர் குறைந்துவிடும். இனிப்புப் பால் மேல்வரிசை முன்பற்களில் தேங்கிக் கிடக்கும்.

இதைப் பெற்றோரின் அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடிப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அப்பா, அம்மா இருவரும் வேலைக்குப் போகும் வீட்டில் பிள்ளை காலையில் பராமரிப்பு மையத்தில், மாலையில் பாட்டியிடம், இரவில் களைத்து வந்த பெற்றோரிடம். அழுகையை நிறுத்த ஆளுக்கொரு இனிப்பு. ஒருவர் கொடுத்தது மற்றவருக்குத் தெரியாது. போதாததற்கு, "பால் பல்தானே, விழத்தானே போகிறது" என்ற பேச்சு வேறு. பால் கடைவாய்ப் பற்கள் பத்து, பன்னிரண்டு வயதுவரை இருக்க வேண்டியவை. நிரந்தரப் பற்களுக்கு இடம் பிடித்து வைப்பவையும் அவைதான்.

அரசாங்கம் 2019 ஜூலை முதல் இனிப்புப் பானங்களுக்கு வரி விதிக்கிறது. நல்ல முடிவு. ஆனால், அது ஆலையிலிருந்து வரும் பானங்களுக்குத்தான். வீட்டில் டின் பால் ஊற்றிக் கலக்கும் தேநீரை அந்த வரி தொடாது.

இதைப் படிப்பவர்களில் பலர் வீட்டில் அண்ணனாகவோ அக்காவாகவோ இருப்பீர்கள். ஏழு வயதுவரை பிள்ளைகளால் தாமாகச் சரியாகப் பல் துலக்க முடியாது. இரவில் நீங்கள் துலக்கிவிடலாம். மூன்று வயதுக்குள் என்றால் ஓர் அரிசி அளவு ஃபுளோரைடு பற்பசை, அதற்கு மேல் பட்டாணி அளவு. அதன்பின் வெறும் தண்ணீர் மட்டுமே. அப்படியே மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்புபோல் வெள்ளைக் கோடு தெரிந்தால் அது சொத்தையின் தொடக்கமாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் பல் மருத்துவர் ஃபுளோரைடு பூசிப் பல்லைத் தேற்ற முடியும். குழி விழுந்துவிட்டால் அடைக்க வேண்டியதுதான், அல்லது பிடுங்க வேண்டியதுதான்.